வளையல் வீட்டில் காற்றுக்கு வழி

வளைகாப்பு வீட்டுச் சந்தடியில் ஒரு விஷயத்தை நாம் யாரும் கவனிப்பதில்லை. பச்சையும் சிவப்புமாக வளையல்கள் கை நிறைய ஏறுகின்றன. எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று அத்தைமார்களுக்குள் ஒரு சிறு வழக்கே நடந்து முடிகிறது. பிறகு எல்லோரும் சாப்பிடப் போய்விடுகிறார்கள். அடுத்த முறை ஒரு கண்ணாடி வளையலை எடுத்து, விரல் நுனியால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். எங்கேயோ ஓரிடத்தில் சின்னஞ்சிறு மேடு ஒன்று தட்டுப்படக் கூடும். வளையலின் இரண்டு முனைகளும் சேர்ந்த இடம் அது. அந்த இடத்தில் ஒருவர், பெரும்பாலும் ஒரு ஸ்திரீ, தம் வீட்டு அறையில் ஒரு சுடரின் முன் குனிந்து உட்கார்ந்து, முனைகளை இளக்கி ஒட்டியிருக்கிறார்.

நம் தேசத்துக் கண்ணாடி வளையல்களுக்குத் தலைநகரம் என்று சொல்லத்தக்க ஊர் பிரோஸாபாத். உத்தரப் பிரதேசத்தில், ஆக்ராவுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆஸ்திரியாவிலிருந்தும் பிறகு ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்திறங்கிய வளையல்களை நம் நாட்டுக் கைகளிலிருந்து கழற்றி, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட ஊர் என்ற மரியாதையும் அதற்கு உண்டு. அங்கே உலைக்கூடத்தில் காய்ச்சிய கண்ணாடியை இழையாக இழுத்து, சுழலும் உருளையின் மேல் சுருளாகச் சுற்றுகிறார்கள். பிறகு அந்தச் சுருளை நீளவாக்கில் கீறிப் பிளந்தால், வாய் திறந்த வளையங்கள் நூற்றுக்கணக்காக உதிர்கின்றன. உலைக்கூடத்தின் வேலை அவ்வளவோடு சரி. கயிற்றில் கோத்த கட்டுகளாக அவை தள்ளுவண்டியேறிச் சந்துகளுக்குள் போகின்றன. வீடுகளில் முதலில் கோணலாக நிற்கும் முனைகளை நேராக்குகிறார்கள். அப்புறம் ஜுடாயி, அதாவது சேர்ப்பு வேலை.

வெகு காலம் இந்த வேலைக்கு மண்ணெண்ணெய்ச் சுடர்தான். இப்பொழுது சமையல் வாயுவும் வந்திருக்கிறது. எந்தச் சுடரானாலும் அதற்குக் காற்றைக் கண்டால் ஆகாது. சுடர் ஆடினால் முனை கோணுகிறது. கூலியோ எண்ணிக்கைக் கூலி. ஆகவே ஜன்னலைச் சாத்திவிடுகிறார்கள். மின்சார விசிறி இருந்தாலும் சுழற்றுவதில்லை. வைகாசி, ஆனி மாதங்களில் 45 டிகிரி வெயில் கொளுத்தும் அந்தப் பிரதேசத்தில், சாத்திய அறைக்குள், எரியும் சுடரின் எதிரே குடும்பமாக உட்கார்ந்து வேலை செய்வதென்றால் எப்படியிருக்கும் என்று நேயர்கள் நினைத்துப் பார்க்கலாம். குழந்தைகள் அதே அறையில்தான் தூங்குகிறார்கள்.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13-ஆவது, 14-ஆவது பிரிவுகள் காற்றோட்டத்தையும், தூசி புகைகளை வெளியேற்றுவதையும் ஆலை முதலாளியின் கடமையாக விதித்தன. மின்சக்தி உள்ள இடத்தில் 10 பேர், இல்லாத இடத்தில் 20 பேர் வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அது தொழிற்சாலை. தாயும் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருக்கும் அறை அந்தக் கணக்கில் வந்ததேயில்லை. தாஜ்மகாலின் சலவைக்கல் மங்கிப் போகிறதென்று 1996-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு பிறப்பித்தது. தாஜைச் சுற்றியுள்ள பிரதேசத்து ஆலைகள் நிலக்கரியை விட்டு இயற்கை வாயுவுக்கு மாறவேண்டும் என்பது அதன் சாரம். பிரோஸாபாத் அந்தப் பிரதேசத்துக்குள் அடங்கிய ஊர். சலவைக்கல்லின் மேல் படும் காற்றை விசாரித்தார்கள், மிகவும் சரி. சந்து வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் காற்றை யார் விசாரிப்பது?

நாமே கொஞ்சம் விசாரிப்போம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தோம். பிரோஸாபாத்துக்கு மட்டும் உரிய சங்கதியல்ல இது. விளக்குச் சுடரில் கண்ணாடியை இளக்கி மணியும் பொம்மையும் செய்யும் கலையை வீட்டின் பின்னறையில் பழகுகிறவர்கள் பல தேசங்களில் இருக்கிறார்கள். ஜெர்மனியின் துரிங்கியா மலைநாட்டில் லௌஷா என்றோர் ஊர். 1597-இல் அங்கே கண்ணாடி உலை மூட்டினார்கள். நாளடைவில் வீட்டுக்கு வீடு விளக்குச் சுடர் எரிந்து, கிறிஸ்துமஸ் மரத்துக்குத் தொங்கவிடும் கண்ணாடிக் குமிழ்கள் அங்கிருந்து கடல் கடந்து போயின. இந்தத் தொழிலின் தீங்கும் புதிதாகக் கண்டறிந்ததல்ல. தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-இல் புத்தகம் எழுதிய இத்தாலிய வைத்தியர் ராமாஸ்ஸினி, கண்ணாடித் தொழிலாளரையும் அதில் சேர்த்திருக்கிறார். வண்ணக் கண்ணாடி செய்கிறவர்களுக்கே தொல்லை அதிகம் என்றும் கண்டிருக்கிறார்.

தொல்லை எது? கண்ணுக்குத் தெரியும் கரிப்புகையைப் பற்றிப் பெரிய கவலை வேண்டாம். அது தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டு வருகிறது. மூக்கில் ஏறியதும் மனிதன் எழுந்து போய்விடுவான். சத்தமில்லாமல் வருவது கார்பன் மோனாக்ஸைடு. எரிபொருள் முழுவதும் எரியாதபோது பிறக்கும் இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் பிடிவாதமாகப் பற்றிக்கொள்கிறது. சாயங்காலமானால் தலைவலி, வாசலில் வந்து உட்கார்ந்தால் அரைமணியில் நிவாரணம் என்று ஒருவர் சொல்வாரானால், தைலத்தைத் தேடுமுன் அந்த அறையைப் போய்ப் பார்ப்பது நல்லது. இன்னொன்று நைட்ரஜன் டையாக்ஸைடு. சுடரின் உக்கிரத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடுவதால் இது உண்டாகிறது. பிராணவாயுச் சிலிண்டர் வைத்து எரிக்கும் கூர்மையான சுடரில் இதற்கு முக்கிய இடமுண்டு. சுவாசித்த சமயத்தில் சாதாரண எரிச்சலோடு விட்டுவிட்டு, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும் துஷ்டத்தனம் இதற்குண்டு. அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆராய்ச்சி நிலையம் வகுத்த வரம்பு, பத்து லக்ஷம் பங்கு காற்றில் கார்பன் மோனாக்ஸைடு நாள் சராசரியாக 35 பங்கு. நைட்ரஜன் டையாக்ஸைடு கால்மணி நேரத்துக்கு 1 பங்கு. இவ்விரண்டையும் துணி முகமூடி தடுக்காது. தூசி முகமூடியும் தடுக்காது.

இவற்றோடு வண்ணத்தின் கைங்கரியமும் சேர்கிறது. சில சிவப்பு, மஞ்சள் கண்ணாடிகளில் காட்மியம் உண்டு. சிலவற்றில் ஈயம் உண்டு. கண்ணாடியை அளவுக்கு மிஞ்சிக் காய்ச்சினால் இவை ஆவியாக எழும்பும். தரையில் விழுந்த கண்ணாடிப் பொடியைத் துடைப்பத்தால் பெருக்கிப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

இனி, பரிகாரம். ஜன்னலைத் திற என்று சொல்வது சுலபம். திறந்தால் சுடர் ஆடுகிறதே என்று அவர்கள் கேட்பதும் நியாயம். இந்த நியாயத்துக்குப் பதில் சொல்லாத எந்த யோசனையும் அந்த வீடுகளில் ஒரு நாள்கூட நிலைக்காது. பதில் இருக்கத்தான் செய்கிறது. சுடருக்குச் சத்துரு காற்றின் வீச்சு. காற்று மாறுவதை அது பொருட்படுத்துவதில்லை. வீச்சு இல்லாமல் காற்றை மாற்ற முடியுமானால் சுடரும் நிற்கும், மனிதரும் பிழைப்பார்.

அதற்கு முதலில் ஒரு சிறு உண்மையை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். விளக்கை வாயால் ஊதி அணைப்பது நம் வீடுகளில் ஆகாத காரியம்; ஆகையால் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொள்வோம். ஒரு அடி தூரத்திலிருந்து ஊதினால் அது அணைந்துவிடும். அதே தூரத்திலிருந்து மூச்சை உள்ளே இழுத்து அணைத்துவிடுங்கள் பார்ப்போம்! மூச்சுத்தான் முட்டும், சுடர் அசையாது. தள்ளும் காற்று நெடுந்தூரம் போகும். இழுக்கும் காற்றின் பலம் வாயைத் தாண்டினால் கரைந்துவிடும். இழுக்கும் குழாயின் வாய் 8 அங்குல அகலமானால், வாயிலிருந்து 8 அங்குலம் தள்ளியதுமே வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து போகிறது. சுவரின் உச்சியில் ஒரு விசிறியைப் பதித்துவிட்டு, கீழே வேலை செய்கிறவருடைய புகையை அது இழுத்துக்கொள்ளும் என்று நம்புவது இதனால்தான் வீண்.

ஆகவே புகையைப் பிறந்த இடத்திலேயே பிடிக்க வேண்டும். வேலைப் பலகையின் மேல் மூன்று பக்கமும் மேலும் மூடி, நம்மை நோக்கிய பக்கம் மட்டும் திறந்த ஒரு தகரக் கூடு செய்துவிடலாம். பிள்ளையார் மாடத்தைப் பெரிதாக்கியது போலிருக்கும். சுடர் அந்த மாடத்துக்குள் எரிய வேண்டும். கைகள் உள்ளே, முகம் வெளியே. கூட்டின் மேற்பகுதியிலிருந்து குழாய் ஒன்று கிளம்பி, வெளியே உள்ள விசிறிக்குப் போகிறது. தலைக்கு மேலே குடைபோல் தொங்கும் புகைக்கூண்டு பார்வைக்கு அழகுதான். ஆனால் மேலே போகும் புகை வழியில் முகத்தைத் தொட்டுவிட்டுப் போகும். கூடு இருந்தால் அதன் மூன்று சுவர்களே சுடருக்குத் திரையாகவும் அமைந்துவிடுகின்றன. ஜன்னல் திறந்திருந்தாலும் நேர் வீச்சு சுடரைத் தாக்காது. வீட்டுக்காரரின் ஆட்சேபத்தில் பாதி இதிலேயே தீர்ந்தது.

கூட்டின் வாயில் காற்று நிமிஷத்துக்கு 100 அடி வேகத்தில் உள்ளே போனால் பொதுவாகப் போதும் என்பது அனுபவஸ்தர்களின் கணக்கு. கேட்பதற்குப் புயல் மாதிரி தோன்றும். உண்மையில் மணிக்கு 2 கிலோமீட்டர்கூட இல்லை. நடை பழகும் குழந்தையின் வேகம். கூட்டின் வாய் 3 அடி அகலம், 2 அடி உயரமானால் பரப்பு 6 சதுர அடி. 100-ஆல் பெருக்கினால் நிமிஷத்துக்கு 600 கன அடிக் காற்று வெளியேற வேண்டும். வளையல் சேர்க்கும் சிறு சுடருக்கு இவ்வளவு பெரிய வாய் அவசியமில்லை. 2 அடிக்கு ஒன்றரை அடி போதுமென்றால் 300 கன அடியில் காரியம் முடிகிறது. மிருதுவான சுடராக இருந்து கொஞ்சம் சாய்ந்தால், விசிறியை நிறுத்திவிடாமல், கூட்டுக்குள் சுடரின் இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும்.

இங்கே விசிறி வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பெட்டியின் மேல் 600 என்று அச்சிட்டிருக்கும். குழாயில்லாமல் வெறுமனே சுற்றும்போது கிடைக்கும் அளவாக அது இருக்கலாம். குழாயை மாட்டியதும் உராய்வு வந்து வரி வசூலிக்கிறது. சமையலறைச் சுவரில் பதிக்கும் இறக்கை விசிறி இந்த வரியைத் தாங்காமல் களைத்துவிடும். புளோயர் என்று கடைகளில் சொல்லும் மையவிலக்கு விசிறி தாங்கும். 600 கன அடியை 8 அங்குலக் குழாயில் அனுப்பினால் உள்ளே வேகம் நிமிஷத்துக்குச் சுமார் 1,700 அடி. செலவைச் சுருக்கி 4 அங்குலக் குழாய் போட்டால் வழி நான்கில் ஒரு பங்காகிறது. எந்தச் சாதாரண விசிறியும் அதற்குள் அவ்வளவு காற்றைத் தள்ளாது. குழாய் குட்டையாகவும் நேராகவும் வழுவழுப்பாகவும் இருக்கட்டும். மடிப்பு மடிப்பாக நீளும் ரப்பர்க் குழல் வேண்டாம். எல்போ வைத்துத் திருப்பும் ஒவ்வொரு திருப்பத்திலும் காற்று நஷ்டமாகும். விசிறியைக் குழாயின் வெளிமுனையில் வைப்பது விசேஷம். அப்படி வைத்தால் குழாயில் எங்காவது பொத்தல் விழுந்தாலும் அறைக் காற்று உள்ளே இழுக்கப்படுமே தவிர, புகை அறைக்குள் கசியாது. வெளிமுனை பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்கக் கூடாது என்பதை நம் நேயர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிரோஸாபாத்தின் நெருக்கமான சந்துகளில் இது ஒரு கஷ்டமான ஷரத்துதான். அங்கே குழாய் கூரைக்கு மேல் ஏற வேண்டும். அந்தச் செலவு வளையல் சேர்த்துப் பிழைக்கும் குடும்பத்தால் ஆகாது. வேலையைக் கொடுத்து வாங்கும் வியாபாரியும் அரசாங்கமும் பங்கு போட்டுக்கொள்வதுதான் நியாயம் என்பது நம் அபிப்பிராயம்.

இனிமேல் சொல்வதுதான் விஷயத்தின் உயிர். அநேகர் மறந்துபோவதும் இதைத்தான். போகும் காற்றுக்கு ஈடாக வரும் காற்றுக்கு வழி வேண்டும். 10 அடி, 12 அடி, 9 அடி உயரமுள்ள அறையில் மொத்தமே 1,080 கன அடிக் காற்று. நம்முடைய விசிறி அதை இரண்டு நிமிஷத்துக்குள் தீர்த்துவிடும். கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு விசிறியைச் சுழற்றினால், காலிச் சொம்பை வாயில் கவிழ்த்து உறிஞ்சுவதற்கு ஒப்பாகும். விசிறி சத்தமிடும், காற்று போகாது.

இதை நம் வீட்டுச் சமையலறையிலேயே பரீக்ஷை செய்து பார்த்தோம். அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் விசிறி ஒன்று உண்டு. கதவு ஜன்னல்களை அடைத்து, விசிறியைப் போட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பின் மேல் பிடித்தோம். புகை சோம்பேறித்தனமாக மேலே போய், பாதியில் மனம் மாறி, நம் முகத்துக்கே திரும்பியது. ஊதுபத்தியைக் கதவின் அடி இடுக்கில் வைத்தபோது, வெளியிலிருந்து காற்று சீறிக்கொண்டு வந்து புகையைச் சிதறடித்தது. விசிறி பட்டினி கிடக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஜன்னலை ஒரு சாண் திறந்தோம். புகை கோடு கிழித்தாற்போல் நேரே மேலே போயிற்று. பக்கத்துக் கூடத்தில் தொங்கும் விசிறியைப் போட்டுக் கதவைத் திறந்ததும் மறுபடியும் எல்லாம் குலைந்தது. அரைப் பெட்டி ஊதுபத்தி செலவானதைப் பற்றி வீட்டில் எழுந்த கண்டனத்தை இங்கே பிரசுரிப்பதற்கில்லை.

வரும் காற்று எங்கிருந்து வரவேண்டும்? முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரே வீச்சாக வந்தால் உடம்பு அதற்குத் தடுப்பாகிறது. ஆற்றில் நட்ட கம்பத்தைத் தாண்டியதும் நீர் சுழிப்பதுபோல் நெஞ்சுக்கு எதிரே சுழி உண்டாகி, புகையை முகத்துக்குக் கொண்டுவரும். ஆகையால் பெரிய திறப்பாக, மெதுவாக, கூடுமானால் பக்கவாட்டிலிருந்து வரட்டும். திறந்த ஜன்னல் 6 சதுர அடி இருந்தால் அதிலும் அதே நிமிஷத்துக்கு 100 அடி வேகம்தான். அறைக்குள் நுழைந்து பரவிவிட்டால், 10 அடி அகலம் 9 அடி உயரத்துக்கு அந்த 600 கன அடியும் விரிந்து, சராசரியாக நிமிஷத்துக்கு 7 அடிக்கும் குறைவாகவே நகரும். கன்னத்தில் படுவதுகூடத் தெரியாது. வெளியே பலத்த காற்றடிக்கும் ஊரானால் ஜன்னலுக்கு எதிரே சற்றுத் தள்ளி ஒரு தட்டியோ நனைக்காத வெட்டிவேர்த் திரையோ கட்டி வீச்சை முறித்துக்கொள்ளலாம். சுடர் ஆடுமே என்ற ஆட்சேபத்தின் மறுபாதிக்கும் இது பதில்.

வழி விடாமல் இழுப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. வாயுவில் எரியும் வெந்நீர் கீஸர் அதே வீட்டில் இருந்து, வேறெங்கும் காற்றுக்கு வழியில்லாவிட்டால், பலமான விசிறி அந்தக் கீஸரின் புகைக்குழாய் வழியாகவே காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே போகவேண்டிய கார்பன் மோனாக்ஸைடு குளிக்கும் அறையில் இறங்கும். பின்னறையில் கண்ணாடி மணி செய்கிறவருக்கு ஒன்றும் நேராமல், குளிக்கப்போன குழந்தை மயங்கி விழக்கூடும். கார்பன் மோனாக்ஸைடை முகர்ந்து அலறும் சிறு கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. ஒன்றை வேலையறையிலும், மற்றொன்றைப் படுக்கும் இடத்திலும் மாட்டிவைப்பது வீண் செலவாகாது.

சமையல் வாயுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். உயரத்தில் உள்ள கூடும் விசிறியும் அதைக் கவனித்துக்கொள்ளும் என்று எண்ணக் கூடாது. சிலிண்டர் வெளியே இருக்கட்டும்; வேலையறைச் சுவரின் அடியிலும் ஒரு திறப்பு இருக்கட்டும். நாற்றம் வந்தால் விசிறியின் ஸ்விட்சைத் தொடாமல் கதவைத் திறந்து வெளியேறுவதே முறை.

எல்லாம் அமைத்தான பிறகும் அந்த ஊதுபத்தியை விட்டுவிட வேண்டாம். மாதம் ஒரு முறை, வேலை செய்யும் இடத்தில் உட்கார்ந்து, சுடர் எரியும் இடத்தில் பிடித்துப் பாருங்கள். பிறகு மோவாய்க்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் புகை கூட்டை நோக்கியே போக வேண்டும். விசிறியின் இறக்கையில் தூசி படிந்தால் முதலில் இதுதான் காட்டிக் கொடுக்கும். காலையில் சுடரை ஏற்றுமுன் ஜன்னலைத் திறந்து விசிறியைப் போட்டுக்கொண்டு, மாலையில் சிலிண்டரின் வாயை முதலில் மூடி, சுடர் தானே ஓய்ந்த பின் இன்னும் ஒரு கால்மணி நேரம் விசிறியை ஓடவிட்டு நிறுத்துவது வழக்கமாகட்டும்.